புளி போட்டு விளக்குவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அஸ்திவாரம் தோண்டும்போது காசு கிடைத்தது, காடு உழும்போது கொழுவில் பானை தட்டுப்பட்டது என்று உங்கள் கொங்குப் பதிப்பில் அவ்வப்போது செய்தி வருகிறது. கூடவே வரும் படங்களில் காசுகள் பளபளவென்று இருக்கின்றன. பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த வெள்ளி அப்படி மின்னாது. யாரோ புளியோ எலுமிச்சையோ போட்டு விளக்கியிருக்கிறார்கள். சில சமயம், "நகைக்கடை மெஷினில் வைத்துப் பார்த்ததில் இத்தனை சதவீதம் வெள்ளி" என்று ஒரு வரியும் சேர்ந்து வருகிறது. புளியும் மெஷினும் சேர்ந்தால் அந்த எண் எப்படிப் பொய்யாகிறது என்பதில் தொடங்கி, பழம்பொருளைச் சேதப்படுத்தாமல் ஆராய்வது பற்றிச் சில விவரங்களை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். இதற்கு வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவை கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்திலேயே இருக்கின்றன. எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்ற வரிசைதான் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

நகைக்கடையில் இருக்கும் காரட் மீட்டர் என்பது ஒரு எக்ஸ்ஆர்எஃப் கருவி. பொருளின் மேல் எக்ஸ் கதிர் பட்டதும் அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிர் விடும். இரும்பு 6.4, செம்பு 8.05, வெள்ளி 22.1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகை. ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், பொருளில் கீறல் விழாது. தொல்லியலாளர்கள் இந்தக் கருவியை விரும்புவதற்கு அதுவே காரணம். ஆனால் அது பார்ப்பது தோலை மட்டும். வெள்ளிக் காசுக்குள்ளிருக்கும் செம்பின் கதிர், மேலிருந்து பத்து இருபது மைக்ரான் ஆழத்துக்குள் இருப்பதுதான் வெளியே வந்து சேரும். வெள்ளியின் வலுவான கதிர் அதைவிடச் சில மடங்கு ஆழத்திலிருந்து வரும், அவ்வளவே. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், கருவி எவ்வளவு மேலோட்டமாகப் பார்க்கிறது என்பது புரியும்.

வெள்ளியும் செம்பும் கலந்த காசு மண்ணுக்குள் கிடக்கும்போது முதலில் கரைந்து வெளியேறுவது செம்பு. மேல்தோலில் வெள்ளி மட்டும் மிஞ்சும். காசு அடித்த அக்கசாலையிலேயே வில்லையைச் சூடாக்கி அமிலக் கரைசலில் போட்டு வெளுப்பாக்கியிருந்தால் அந்தத் தோல் இன்னும் தடிமனாக இருக்கும், 100 மைக்ரானைத் தாண்டுவதும் உண்டு. இதற்கு மேல் நாமும் புளி போட்டால், புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் மிச்சமிருக்கும் செம்பையும் மேலிருந்து இழுத்துவிடும். பிறகு மெஷினில் வைத்தால் 95 சதவீதம் என்று காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. தோலைக் கேட்டோம், தோலைப் பற்றிச் சொன்னது.

இந்தத் தவறு நகைக்கடையோடு நிற்பதும் இல்லை. ரோமப் பேரரசன் நீரோ கி.பி. 64இல் வெள்ளிக் காசின் தரத்தைக் குறைத்தான். அந்தக் காசுகளை மேற்பரப்பில் அளந்து 90 சதவீதத்துக்கு மேல் வெள்ளி இருக்கிறது என்று வெளியான எண்கள் பல காலம் செல்லுபடியாயின. பின்னால் காசின் விளிம்பில் மெல்லிய துளையிட்டு உள்ளிருந்து உலோகம் எடுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ 80 சதவீதம்தான் இருந்தது. கொங்குக்கு இது அன்னியச் சங்கதியாகப் படக் காரணமில்லை. வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையல் தொடங்கி இந்தப் பகுதியில் வெளிப்பட்ட ரோம வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. அதாவது தரம் குறைவதற்கு முந்தைய நல்ல வெள்ளி. அவற்றோடு உள்ளூரிலேயே அச்சைப் பார்த்து அடித்த போலிகளும், செம்புக் கருவின் மேல் வெள்ளித் தகடு போர்த்தியவையும் கலந்து வருவதுண்டு. எது எது என்று பிரிப்பதற்குத் தோலை மட்டும் நம்பினால் முடியாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று துளையிடாமல் அறிய மிகப் பழைய வழி ஒன்று இருக்கிறது. காற்றில் ஒரு எடை, நீருக்குள் தொங்கவிட்டு ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பு 8.96. வெள்ளி 98 சதவீதம் உள்ள காசுக்கு 10.45 வரும், 80 சதவீதக் காசுக்கு 10.14 வரும். கேட்க எளிதுதான், ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3.5 கிராம் காசு நீருக்குள் இழக்கும் எடை முதலாவதில் 0.335 கிராம், இரண்டாவதில் 0.345 கிராம். மொத்த வித்தியாசமே 10 மில்லிகிராம். 0.01 கிராம் வரை காட்டும் தராசு இதற்கு உதவாது. மில்லிகிராம் வரை காட்டும் தராசு வேண்டும், அது பல நகைப்பட்டறைகளில் இருக்கிறது. காசின் மேல் ஒரு கன மில்லிமீட்டர் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தாலே ஒரு மில்லி போய்விடும். அதனால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு ஈரமூட்டித் திரவம் விட்டு, காசை நூலில் கட்டாமல் மெல்லிய நைலான் இழையில் தொங்கவிட்டு, குமிழை மயிர்த்தூரிகையால் தட்டிவிட்டு, ஐந்து முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். பருத்தி நூல் நீரைக் குடிக்கும், எடை ஏறிக்கொண்டே போகும். பச்சைக் களிம்பேறிய காசு, விரிசல் விட்ட காசு, மண் ஒட்டிய காசு ஆகியவற்றுக்கு இந்த முறை சரிவராது. களிம்பின் அடர்த்தி உலோகத்தைவிட மிகக் குறைவு என்பதால் விடை கீழே இறங்கிவிடும். எக்ஸ்ஆர்எஃப் 95 என்று சொல்லி, அடர்த்தி 9.3 என்று வந்தால், உள்ளே செம்புக் கரு இருக்கிறதா என்று சந்தேகப்படலாம். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு எழுதக் கூடாது.

காரட் மீட்டரில் இன்னொரு வில்லங்கம். அது தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம் முதலான சில உலோகங்களை மட்டும் எதிர்பார்த்து அளவீடு செய்யப்பட்டது. அந்தச் சிலவற்றின் கூட்டுத்தொகையை 100 ஆக்கித் திரையில் காட்டும். வெண்கலச் சிலைத் துண்டை வைத்தால் அதிலுள்ள ஈயத்தைக் கணக்கிலேயே எடுக்காமல், மற்றவற்றைக் கூட்டி 100 என்று சொல்லிவிடும் வாய்ப்பு உண்டு. தொழிற்சாலைகளில் உலோகக் கலவை பார்க்கும் கைத்துப்பாக்கி வடிவ எக்ஸ்ஆர்எஃப் கருவி இதைவிட மேல். அதிலும் ஈயத்தின் முதன்மைக் கதிர் 10.55, ஆர்செனிக்கின் முதன்மைக் கதிர் 10.54. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். ஈயம் கலந்த வெண்கலத்தில் "ஆர்செனிக் 2 சதவீதம்" என்று திரை சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். ஈயத்துக்கு 12.6இலும் ஆர்செனிக்குக்கு 11.7இலும் இரண்டாவது முகடு உண்டு. 11.7இல் ஒன்றுமில்லை என்றால் ஆர்செனிக்கும் பெரிதாக இல்லை. இதற்கு எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, நிறமாலை வரைபடத்தையே திறந்து பார்க்க வேண்டும். அறிக்கையோடு அந்த வரைபடக் கோப்பையும் வாங்கி வைப்பது நல்லது.

மணிகளுக்கு வருவோம். நொய்யல் வடகரையில் சென்னிமலைக்கு மேற்கே உள்ள கொடுமணலில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் மணி செய்த பட்டறைகளே வெளிப்பட்டிருக்கின்றன. பாதி செதுக்கியவை, பாதி துளையிட்டவை, உடைந்து கழித்தவை என்று எல்லாக் கட்டத்திலும் கற்கள். காங்கேயம் பக்கம் படியூரில் பச்சைக்கல் என்னும் பெரில், சிவன்மலைப் பக்கம் நீலக்கல், சுற்றுவட்டாரத்தில் பளிங்கு (குவார்ட்ஸ்). இன்றைக்கும் மழை பெய்து ஓய்ந்த காட்டில் மணி பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். "இது என்ன கல்?" என்ற கேள்விக்கு எக்ஸ்ஆர்எஃப் கையை விரித்துவிடும். பெரிலிலிருந்து பெயர் பெற்ற பெரிலியம் என்ற தனிமம் அதன் கண்ணுக்குத் தெரியாது. கைக்கருவியில் மக்னீசியத்துக்குக் கீழே உள்ள இலேசான தனிமங்கள் எதுவும் வராது. அலுமினியமும் சிலிக்கானும் இருக்கின்றன என்று மட்டும் சொல்லும். அது பாதி உலகத்துக் கற்களுக்கும் பொருந்தும். கண்ணாடி மணியிலும் இதே கதை. பொட்டாசியம் தெரியும், சோடியம் தெரியாது. சோடாக் கண்ணாடியா பொட்டாஷ் கண்ணாடியா என்பதை அரைக்கண்ணால் பார்த்துச் சொல்வது போலத்தான்.

கல்லைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியது ராமன் கருவி. லேசர் ஒளியை விழச்செய்து, சிதறி வரும் ஒளியின் நிறமாற்றத்தைப் படிப்பது. பளிங்கு, சூதுபவளம் (கார்னீலியன் என்னும் செந்நிறக் கல்) என்றால் அலை எண் 464இல் கூர்மையான முகடு. பெரிலுக்கு 685 சுற்றிலும் 1067 சுற்றிலும். நீலக்கல்லுக்கு 418. ஆப்கானிஸ்தான் பக்கத்து அடர்நீலக் கல்லான லாபிஸ் லாசுலிக்கு 548. கண்ணாடிக்குக் கூர்மையான முகடே வராது, அகலமான மேடு வரும். மணியைக் கழற்றவோ தேய்க்கவோ வேண்டாம், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்தே பார்க்கவும் முடியும். பிரச்சினை எங்கே வரும் என்றால், மண்ணிலிருந்து வந்த மணியில் ஒட்டியிருக்கும் கரிமப் படலம் தானே ஒளிர்ந்து முகட்டை மூழ்கடித்துவிடும். 532 நானோமீட்டர் பச்சை லேசரில் இது அதிகம், 785இல் குறையும். திறனையும் கவனிக்க வேண்டும். இரும்புக் கசடு, மஞ்சள் காவிப் பூச்சு போன்றவற்றின் மேல் லேசரைக் கூட்டி வைத்தால் அந்தப் புள்ளி சூடாகி மஞ்சள் காவி செங்காவியாக மாறிவிடும். பிறகு "ஹேமடைட் (செங்காவிக்கு நிறம் தரும் இரும்புத் தாது) இருந்தது" என்று அறிக்கை எழுதுவோம். அது நாம் செய்த ஹேமடைட். ஒன்றிரண்டு மில்லிவாட்டில் தொடங்கி, முகடு இடம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏற்றுவதே சரி.

துளைக்குள் பார்ப்பது மணியில் மிகச் சுவையான பகுதி. பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் சிலிக்கோன் பசையை மெல்லிய ஊசிமுனையால் துளைக்குள் செலுத்தி, நடுவே ஒரு நுண்கம்பியைச் செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவினால் துளையின் உட்சுவர் அப்படியே தலைகீழாக வெளியே வரும். அதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் துரப்பணத்தின் தடம் தெரியும். வைர முனை ஓடியிருந்தால் ஒழுங்கான, கூர்மையான வளையங்கள். தேய்ப்புமணல் போட்டுக் கடைந்திருந்தால் மழுங்கிய சுவர். இரண்டு பக்கமிருந்து துளைத்து நடுவில் சந்தித்த இடத்தில் ஒரு சின்னப் படி விழுந்திருக்கும். அந்தப் படி எவ்வளவு விலகியிருக்கிறது என்பது கைவினைஞரின் கைத்திறனுக்கு அளவுகோல். அச்செடுப்பதற்கு முன் துளையை உருப்பெருக்கியில் பார்ப்பது கட்டாயம். உள்ளே பழைய நூலின் இழையோ தேய்ப்புமணலோ இருந்தால் அதுவே பெரிய சான்று. சிலிக்கோன் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். விரிசல் விட்ட மணி, சங்கு, கண்ணாடி அரித்த மணி ஆகியவற்றுக்கு இந்த முறையே வேண்டாம், எண்ணெய்க் கறை இறங்கிவிடும். சூதுபவளம் குஜராத்திலிருந்து வந்ததா என்று அறிய வேண்டுமானால் நுண்ணளவுத் தனிமங்களைப் பார்க்க வேண்டும். அதற்கு லேசரால் முடியளவுக் குழி பறித்துத்தான் தீர வேண்டும். அதைச் சேதமில்லாத முறை என்று விளம்பரப்படுத்துவது எங்களுக்கு உடன்பாடில்லை.

"சேதமில்லாச் சோதனை" என்ற சொல்லே கொங்கில் வேறொரு பொருளில் புழங்குகிறது. கோவைப் பவுண்டரிகளில் பம்பு உடலையும் வால்வையும் சோதிக்கிறவர்களுக்கு என்டிடி தெரியும். அவர்களிடம் போனால் நல்ல கருவிகள் கிடைக்கும், ஆனால் அவர்களுக்குச் சேதமில்லாதது பழம்பொருளுக்குச் சேதமானதாக இருக்கலாம். சாயம் ஊடுருவும் சோதனையைச் சொல்கிறோம். வார்ப்பின் விரிசலில் சிவப்புச் சாயத்தை இறக்கித் துடைத்து எடுப்பார்கள். துரு அரித்த கத்தியில் அந்தச் சாயம் இறங்கினால் திரும்ப வராது. மீயொலிச் சோதனைக்குத் தடவும் கிரீசும் அப்படித்தான். காந்தத்துகள் சோதனை இன்னும் ஆபத்து. உலைச்சுவர்த் துண்டுகளிலும் சுட்ட களிமண்ணிலும் கடைசியாகச் சூடான காலத்துப் பூமியின் காந்தத் திசை பதிந்திருக்கும், அதைக் கொண்டு காலம் கணிக்கலாம். பலமான காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாலே அந்தப் பதிவு குழம்பிவிடும். கசடுக்குள் இரும்பு இருக்கிறதா என்று ஸ்பீக்கர் காந்தம் வைத்துப் பார்க்கிற பழக்கத்தையும் இதோடு விட்டுவிடலாம். ஸ்பெக்ட்ரோ பார்க்கிறேன் என்று பொருளைத் தட்டையாகத் தேய்த்து மின்பொறியால் சுடுவது அரை சென்டிமீட்டர் வட்டத்தைக் கருக்கிவிடும். கத்தியில் கார்பன் எவ்வளவு, அது எஃகா என்று அறிய ஆசை எல்லோருக்கும் உண்டு. எக்ஸ்ஆர்எஃப் கார்பனைக் காட்டாது. சிறு மாதிரி வெட்டாமல் அதைச் சொல்ல நியூட்ரான் விளிம்பு விளைவு போன்ற பெரிய வசதிகள் வேண்டும். அதுவரை "எஃகு வாள்" என்று தலைப்புப் போடாமல் இருப்பதே நல்லது.

பவுண்டரிக்காரர்களிடம் நமக்கு உண்மையிலேயே உதவக்கூடியது எக்ஸ்ரே. கற்பலகைகளால் அமைத்த பழைய ஈமக்குழியான கற்பதுக்கையிலிருந்து வரும் வாளும் ஈட்டியும் துருவும் மண்ணும் சேர்ந்து கட்டையாகத்தான் இருக்கும். உள்ளே எவ்வளவு உலோகம் மிஞ்சியிருக்கிறது என்று தெரியாமல் உளி வைத்தால், பலசமயம் உளி பொருளின் அசல் வடிவத்தையே பெயர்த்துவிடும். பொருளின் பழைய மேற்பரப்பு துருவுக்குள்ளேயே ஒரு மெல்லிய கோடாக ஒளிந்திருக்கும். இரும்பின் அடர்த்தி 7.9, துருவின் பல வகைகளுக்கு 4 முதல் 5 வரை. இந்த வித்தியாசம்தான் படத்தில் வெளுப்பும் கருப்புமாகத் தெரிவது. பவுண்டரியில் வழக்கமாக இரிடியம் 192 காமா மூலத்தை எடுத்துவருவார்கள். அது 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எஃகுக்கானது. 6 மில்லிமீட்டர் வாளில் எல்லாவற்றையும் ஒரே சாம்பலாகக் காட்டிவிடும். எக்ஸ்ரே குழாய் வேண்டும் என்று கேளுங்கள். 100 முதல் 150 கிலோ வோல்ட் வரை வெவ்வேறு அளவில் மூன்று படம், பிறகு பொருளை 90 பாகை திருப்பி மீண்டும் மூன்று. பக்கத்தில் 1 மில்லிமீட்டர் படிகளாக வெட்டிய எஃகுப் படிக்கட்டு ஒன்றை வைத்தால் மிஞ்சிய உலோகத்தின் தடிமனை ஒப்பிட்டுச் சொல்லலாம். படத்தட்டின் பின்னால் ஈயத்தகடு இல்லாவிட்டால் தரையில் பட்டுத் திரும்பும் கதிர் படத்தைப் புகைமூட்டம் ஆக்கிவிடும். மெல்லிய பொருளுக்கு ஊர் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேவே போதும். எதுவானாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி உள்ள இடத்தில், பயிற்சி பெற்றவர் கையால். கைத்துப்பாக்கி எக்ஸ்ஆர்எஃபும் கதிர்க் கருவிதான், காசை விரலில் பிடித்துக்கொண்டு அதைச் சுடுவது மடத்தனம்.

மண்ணோடு கிடைக்கும் பானையை அகழிடத்திலேயே காலி செய்யாமல் சிடி ஸ்கேனுக்கு அனுப்பலாம் என்ற யோசனை பல ஊர்களில் நடைமுறையாகிவிட்டது. உள்ளே மணி எந்த ஆழத்தில், எலும்பு எந்தப் பக்கம் என்று தெரிந்தபின் கரண்டியை இறக்கலாம். ஆஸ்பத்திரிக் கருவியின் வாய் சுமார் 70 சென்டிமீட்டர். மேசை தாங்கும் எடை கருவிக்குக் கருவி மாறும், பெரும்பாலும் 200 கிலோ சுற்றி. மண் நிறைந்த பெரிய தாழி இந்தக் கணக்குக்குள் வராது, படையல் பானைகள் வரும். நம் பக்கத்துச் செம்மண்ணில் சுக்கான்கல் கலந்திருக்கும். அது திரையில் எலும்பு மாதிரியே வெள்ளையாகத் தெரியும், முதன்முறை பார்ப்பவர் ஏமாறுவார். உள்ளே இரும்பு இருந்தால் அதைச் சுற்றி நட்சத்திரம் மாதிரிக் கீற்றுகள் ஓடி அக்கம்பக்கத்தை மறைத்துவிடும்.

ஸ்கேன் செய்பவர்கள் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. பானை ஓட்டை வெப்ப ஒளிர்வு முறையில் காலம் கணிக்கிறோம். சுட்ட நாளிலிருந்து மண்ணின் கதிர்வீச்சை ஓடு எவ்வளவு வாங்கியிருக்கிறது என்பதே கணக்கு. ஆண்டுக்கு 3 மில்லிகிரே என்று வைத்தால் 2000 ஆண்டுக்கு 6000 மில்லிகிரே. ஒரு சிடி ஸ்கேன் 50, 60 மில்லிகிரே கொடுக்கும். ஸ்கேன் மேசையில் சில விநாடி கிடந்ததில் பானைக்குச் சுமார் 20 வயது கூடிவிடும்! இந்த முறையின் பிழை எல்லைக்குள் அது அடங்கிவிடும் என்றாலும், நான்கைந்து முறை எடுத்தால் அடங்காமல் போகலாம். தொழிற்சாலை சிடி கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு. ஆகவே எந்தக் கதிர்க் கருவிக்கும் அனுப்புவதற்கு முன், அதே குழியிலிருந்து இரண்டு பானை ஓடுகளையும் ஒரு பிடி மண்ணையும் வெயில் படாமல் கருப்புப் பையில் கட்டித் தனியே வைத்துவிட வேண்டும். கதிர்க்கரிமக் காலக்கணிப்பும் இந்த வெப்ப ஒளிர்வும் பொருளைச் செலவழிக்கும் முறைகள். பழனி அருகே பொருந்தலில் நான்குகால் ஜாடியில் கிடைத்த நெல்லைக் கொண்டு கி.மு. 490 என்று காலம் சொன்னபோது சில நெல்மணிகள் எரிந்துதான் போயின. அது நியாயமான செலவு.

எழுத்துகளைப் பற்றிச் சுருக்கமாக. பானை ஓட்டுக் கீறலிலும் பாறைக் கல்வெட்டிலும் சுண்ணக்கட்டி தேய்ப்பது, எண்ணெய் தடவுவது இன்னும் நிற்கவில்லை. தேய்ப்பவர் தான் படித்த எழுத்தைத்தான் வெள்ளையாக்குவார். பிறகு வருபவர் அவர் படிப்பையே படிப்பார். இதற்குப் பதிலாக, கேமராவைத் தாங்கியில் அசையாமல் நிறுத்தி, ஓட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பளபளப்பான பேரிங் குண்டை வைத்து, ஒரே விளக்கை வெவ்வேறு திசையிலும் உயரத்திலும் மாற்றிப் பிடித்து 48 படம் எடுத்தால் போதும். விளக்கின் தூரம் பொருளின் அகலத்தைப் போல் மூன்று மடங்கு, மாறாமல் இருக்க ஒரு கயிறு கட்டி அளந்துகொள்ளலாம். குண்டில் விழும் ஒளிப்புள்ளியை வைத்து இலவச மென்பொருள் விளக்கின் திசையைக் கணக்கிடும், பிறகு திரையில் வெளிச்சத்தை நம் விருப்பப்படி சாய்த்துப் பார்க்கலாம். கேமரா ஒரு முறை அசைந்தால் மொத்தமும் வீண். சுடுவதற்கு முன் கீறிய எழுத்தின் ஓரத்தில் ஈரக் களிமண் வரப்புப் போலத் தள்ளப்பட்டிருக்கும், சுட்டபின் கீறியதில் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கும். பானை செய்தவர் எழுதினாரா, வாங்கியவர் எழுதினாரா என்பது அந்த வரப்பில் இருக்கிறது. சுண்ணக்கட்டி நிரப்பிவிட்டால் அது போயிற்று. ஈரோடு பக்கத்து அறச்சலூர் மலையில் உள்ள பழந்தமிழிக் கல்வெட்டில் எழுத்தைப் புணர்த்தவர் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று படிக்கிறார்கள். வண்ணக்கன் என்றால் காசும் மணியும் தரம் பார்ப்பவர். நம் ஊரில் அந்தத் தொழில் அவ்வளவு பழையது.

பெரிய வசதிகள் நாட்டில் உண்டு. கல்பாக்கத்தின் காமினி உலையில் நியூட்ரான் படம் எடுக்கலாம், இந்தூரின் சிங்க்ரோட்ரான் என்னும் பெரிய எக்ஸ் கதிர் மூலத்தில் நுண்புள்ளி எக்ஸ்ஆர்எஃப் செய்யலாம், புவனேசுவரத்தில் புரோட்டான் கற்றை இருக்கிறது. எல்லாவற்றையும் அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. நியூட்ரானுக்கு வெள்ளியை அனுப்பினால் அதில் ஒரு பகுதி 250 நாள் அரை ஆயுள் கொண்ட கதிரியக்க வெள்ளியாக மாறக்கூடும். காசு வீடு திரும்ப ஆண்டுக்கணக்காகலாம்.

நாங்கள் கேட்பது சிறியது. மாவட்ட அருங்காட்சியகங்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் ஒட்டிவைக்க ஒரு பக்கத் தாள். பொருள் கிடைத்த இடத்திலேயே அளவுகோலோடு படம், மண்ணோடு எடை, பிறகு உருப்பெருக்கி, பிறகு சாய்வெளிச்சப் படம், காலக்கணிப்புக்கான மாதிரியை ஒதுக்கியபின் கழுவாமல் எக்ஸ்ஆர்எஃபும் ராமனும், பிறகு எக்ஸ்ரே, எல்லாம் முடிந்தபின்பே பாதுகாப்பு வேதியியலாளர் கையால் சுத்தம். இந்த வரிசை அதில் இருந்தால் போதும். இன்னொன்று, கோவைப் பவுண்டரிகள் மனம் வைத்தால் ஒரு வாரத்தில் செய்து தரக்கூடியது. வெள்ளி 98, 90, 80, 70, 60 சதவீதத்தில் செம்போடு கலந்த ஐந்து வில்லைகள், ஈயம் 0, 5, 10, 20 சதவீதத்தில் நான்கு வெண்கல வில்லைகள். இரசாயன முறையில் உறுதிசெய்து, தேய்த்து மெருகிட்டு, கருவி வைத்திருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் சுற்றுக்கு விட்டால், ஈரோட்டில் எடுத்த எண்ணும் கரூரில் எடுத்த எண்ணும் ஒன்றோடொன்று பேசும். வெண்கல வில்லையில் ஒரு எச்சரிக்கை. உருக்கு உறையும்போது ஈயம் செம்போடு கரைந்து நிற்காமல் பிரிந்து அடியில் தங்கும், மெதுவாக ஆறவிட்டால் மேலே 6, கீழே 14 என்று வந்துவிடும். மெல்லிய வில்லையாகச் செம்பு அச்சில் ஊற்றிச் சட்டென்று குளிர வைக்க வேண்டும். ஒவ்வொரு வில்லையையும் இரு முகத்திலும் ஐந்து புள்ளியில் அளந்து, ஒத்துவராததைத் திரும்ப உருக்குவதே நல்லது.

கண்டெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் தகவல் போய்ச் சேரும். அதுவரை பொருளை அதே மண்ணோடு, செய்தித்தாளில் சுற்றாமல் (அச்சு மையும் தாளின் அமிலமும் ஒட்டும்), மூடியில் ஓரிரு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். காசுக் குவியல் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க வேண்டாம், எந்தக் காசு எதன் மேல் இருந்தது என்பதும் தகவல். பச்சைநிறப் பொடி உதிரும் செம்புப் பொருளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனி டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். காற்றின் ஈரம் 40 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பொடி உலோகத்தைத் தின்றுகொண்டே போகும், ஐப்பசி மழையில் காசின் முகமே அழிந்துவிடக்கூடும்.

இங்ஙனம்,
உலோகவியல், தொல்லியல் துறைகளில் பணிபுரியும் சிலர்,
கோயம்புத்தூர்.